டர்ன் பேஸ்டு ஆர்பிஜி: போனில் விளையாடச் சரிப்படுமா?

பாசிக்கரை (வேதாளை)

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் கல்லூரி கடைசி வருடம் படிக்கிறேன், ஊர் வேதாளை. நானும் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து கோடோ எஞ்சினில் (கேம் செய்கிற மென்பொருள்) ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். டர்ன் பேஸ்டு ரோல் பிளேயிங் கேம் (ஆர்பிஜி), அதாவது நாம் ஒரு முறை, எதிராளி ஒரு முறை என்று மாறி மாறி ஆடுகிற கதை விளையாட்டு, முழுக்கத் தமிழில்.

கதை இதுதான். ஒரு வல்லத்தில் (நாட்டுப்படகு) நான்கு பேர்: சங்கு குளிக்கிற (மூழ்கிச் சங்கு எடுக்கிற) பெரியவர், வலை போடுகிறவர், கடல்பாசி எடுக்கிற அக்கா, சுக்கான் பிடிக்கிற பையன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகவேண்டும். பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன இல்லையா, எங்கள் கேமில் அந்த இரண்டும் தண்ணீருக்கு அடியில் தேடிக் கண்டுபிடிக்கிற இடங்கள். சண்டை என்று வருவது கடலோடுதான். நாம் ஆளுக்கொரு வேலை சொல்வோம், அப்புறம் கடல் தன் முறையை எடுக்கும். கச்சான் காற்று கிளம்பலாம், நீரோட்டம் இழுக்கலாம், வலை கடலடிப் பாறையில் சிக்கலாம். கடல் அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதற்கு மேகம், பறவை, தண்ணீரின் நிறம் என்று ஏதாவது ஓர் அறிகுறி முன்னாலேயே தெரியும். அதைப் பார்த்து யோசித்து ஆடவேண்டும்.

எந்தக் கருவிக்குச் செய்வது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. "இந்த மாதிரி கேமெல்லாம் கம்ப்யூட்டரில் நிதானமாக உட்கார்ந்து ஆடுவது. போன் என்றால் சுடுகிற கேம்தான் ஓடும். பஸ்ஸில் நின்றுகொண்டு யார் யோசித்து ஆடுவார்கள்?" என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி படம் வரைகிறவள். வரைந்ததெல்லாம் ஆறு அங்குலத் திரையில் சுருங்கிப்போகும் என்பது அவள் கவலை.

எனக்கு மனசு போனில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருக்கிற வீடு குறைவு, போன் இல்லாத வீடே கிடையாது. என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அவரைப் போன்றவர்களின் கதையைச் செய்துவிட்டு, அவர் கையில் இருக்கிற போனில் அதைத் திறக்க முடியாது என்றால் எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் எனக்குப் பிடிப்பது வேறு, ஒத்துவருவது வேறு. இந்த வகை கேமை உண்மையாகவே போனில் ஆட முடியுமா? ஆடியவர்கள் சொல்லுங்கள். திரையைப் படுக்கவைத்துச் செய்வதா, நிற்கவைத்தா என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

தொண்டிக்காரன்

கதை அருமை. ஆனால் உங்கள் தோழி சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

இந்த வகை கேம்களை நான் கம்ப்யூட்டரில் நிறைய ஆடியிருக்கிறேன். ஒரு கதை முடிய முப்பது, நாற்பது மணி நேரம் ஆகும். யார் யார், எந்த ஊர், போன வாரம் யாரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் மனதில் இருக்கவேண்டும். போனில் ஐந்து நிமிடம் ஆடி மூடிவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. நடுவில் வாட்ஸ்அப் வரும், அழைப்பு வரும்.

இன்னொன்று. போனில் இந்த வகையில் பெரிதாக ஓடுவது எது? 2023-இல் வந்த ஹொங்காய் ஸ்டார் ரெயில் மாதிரியானவை. டர்ன் பேஸ்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஆட்டோ பட்டனை அழுத்திவிட்டால் சண்டை தானாக நடக்கும், நாம் பார்த்துக்கொண்டு இருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள். யோசிப்பதற்காகச் செய்த கேமை யோசிக்காமல் ஆடவைக்கிறது போன். அதனால் கம்ப்யூட்டருக்கே செய்யுங்கள், நன்றாக வந்தால் அப்புறம் போனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பாம்பன் செல்போன் கடை

தங்கச்சி, போனுக்கே செய்யுங்கள். முதலிலிருந்தே போனுக்காக. கம்ப்யூட்டருக்குச் செய்து அப்புறம் மாற்றலாம் என்று தொண்டித் தம்பி சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். அப்படி மாற்றி வந்த கேம்களில் எழுத்து எறும்பு அளவு இருக்கும், பட்டனெல்லாம் மவுஸ் நுனிக்கு வைத்ததாக இருக்கும். அதைக் கடைசியில் சரிசெய்வது என்றால் எல்லாத் திரையையும் திரும்ப வரையவேண்டும்.

பாம்பனில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கரையில் போன்கள் என்ன பாடு படுகின்றன என்று நாள் முழுக்கப் பார்க்கிறவன். டர்ன் பேஸ்டு கேம்களைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆடுகிறவன். அண்ணன் சவூதியிலிருந்து வரும்போது ஒரு கேம்பாய் (கையில் பிடித்து ஆடுகிற கேம் கருவி) கொண்டுவந்தார், கூடவே போக்கிமான் கார்ட்ரிட்ஜ் ஒன்று. எனக்கு இந்த வகை கேமே அப்படித்தான் அறிமுகம்.

அந்தக் கேம்பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது. திரையில் 160-க்கு 144 புள்ளிகள். வண்ணம் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. திண்ணையில் வெளிச்சம் விழுகிற பக்கம் திருப்பிவைத்து ஆடவேண்டும். இன்று நீங்கள் வாங்கக்கூடிய ஆக விலை குறைந்த ஸ்மார்ட்போனின் திரை அதைவிடப் பலமடங்கு பெரியது. அந்தச் சின்னத் திரையில்தான் 1996-இல் போக்கிமான் ஜப்பானில் வந்தது, 151 பிராணிகள், முறை வைத்து நடக்கிற சண்டை, ஊர் ஊராகப் போகிற நீளமான கதை. பையன்கள் பள்ளிக்கூட வேனில் ஆடினார்கள், யோசித்துத்தான் ஆடினார்கள். இந்த வகைக்குப் பெரிய திரையும் மேசையும் வேண்டும் என்பது எனக்கு ஏற்புடையதில்லை.

இன்னும் பின்னால் போனால், 1986-இல் வந்த டிராகன் குவெஸ்டை யூஜி ஹோரி செய்தபோது, கீபோர்டு வைத்து ஆடிய அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஆர்பிஜிகளை எடுத்து, நாலு திசைப் பட்டனும் இரண்டு அமுக்குப் பட்டனும் உள்ள ஃபாமிகாம் என்ற டிவி கேம் கருவிக்கு ஏற்ற மாதிரி மெனுவாகச் சுருக்கினார். பேசு, தாக்கு, மந்திரம், பொருள் என்று ஒரு பட்டியல், அதில் ஒன்றைத் தேர்ந்தெடு, அவ்வளவுதான். விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கிற ஒரு கருவிக்கு இதைவிடத் தோதான அமைப்பு வேறு என்ன இருக்கிறது? ஓடிச் சுடுகிற கேமில் கண்ணாடிமேல் பொய்யாக ஒரு ஜாய்ஸ்டிக் வரைந்து, அதன்மேல் கட்டைவிரலை வைத்து, திரையில் கால்வாசியைக் கையாலேயே மறைத்துக்கொண்டு ஆடவேண்டியிருக்கிறது. மெனு வைத்த கேமுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, இதெல்லாம் வடிவம். ஒத்துவருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: ஆடுகிறவர் நடுவில் எழுந்து போனால் கேம் காத்திருக்குமா?

நம் கரையில் போன் எப்படிப் புழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். இறங்குதளத்தில் படகு வருவதற்காக நிற்கிறார்கள், போனை எடுக்கிறார்கள். படகு வந்துவிட்டது, மீனை இறக்கவேண்டும், போன் சட்டைப் பையில். ஏலம் தொடங்கக் கொஞ்சம் நேரம் இருக்கிறது, மறுபடி எடுக்கிறார்கள். ஏலக்காரர் கூவ ஆரம்பித்தால் அந்த நொடியே கையை விட்டுப் போகிறது. இப்படித் துண்டுதுண்டாகக் கிடைக்கிற நேரத்தில் ஓடிச் சுடுகிற கேமை ஆட முடியாது, பாதியில் விட்டால் செத்துப்போவோம், கூட ஆடுகிறவர்கள் திட்டுவார்கள். டர்ன் பேஸ்டு கேம் நம்மை விரட்டாது. நீங்கள் கட்டளை கொடுக்கிற வரைக்கும் கடலும் காற்றும் அப்படியே நிற்கும். போனில் கிடைக்கிற நேரத்துக்கு இந்த வகைதான் பொருத்தம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அது.

ஆனால் கேம் காத்திருக்கிறது என்பது தானாக வந்துவிடாது, நீங்கள் செய்யவேண்டும். ஆண்ட்ராய்டில் ஒரு அழைப்பு வந்தால் உங்கள் கேம் பின்னுக்குப் போகும். ரேம் குறைவான போனில், பின்னால் கிடக்கிற ஆப்பை சிஸ்டம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிடும். பேசிவிட்டுத் திரும்பி வந்தால் கேம் முதலிலிருந்து தொடங்கும். சண்டையின் நடுவில் இருந்தவர் கடைசியாக சேவ் செய்த இடத்தில் போய் நிற்பார். ஒரு தடவை அப்படி ஆனால் பொறுத்துக்கொள்வார், அடுத்த தடவை கேமை அழித்துவிடுவார். கடைக்கு வருகிற போன்களில் 3 ஜிபி, 4 ஜிபி ரேம்தான் அதிகம், அதிலும் பாதியை மற்ற ஆப்கள் தின்றுவிட்டிருக்கும்.

அதனால் ஒவ்வொரு முறை முடிந்ததும் சேவ் ஆகட்டும். கேட்காமல், அறிவிப்புக் காட்டாமல். உங்கள் கேமில் சேமிக்கவேண்டியது என்ன? நான்கு பேரின் உடல்பலம், வல்லம் நிற்கிற இடம், காற்றின் திசை, கையிருப்பு. சில கேபிகூட வராது. ஆப் பின்னுக்குப் போகும்போது கோடோ ஒரு அறிவிப்பு அனுப்பும், அதைப் பிடித்து அங்கேயும் ஒருமுறை சேவ் செய்துவிடுங்கள். பழைய கோப்பின் மேலேயே நேராக எழுதாதீர்கள். புதிய கோப்பாக எழுதி முடித்து, அப்புறம் பெயரை மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தால் பழையதாவது மிஞ்சும். அதோடு, ரேண்டம் எண்ணை உருட்டுகிற நிலையையும் சேர்த்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் காற்று எதிராகத் திரும்பியதும் ஆப்பை மூடித் திறந்து, வேறு காற்று வருகிற வரைக்கும் முயற்சி செய்துகொண்டே இருப்பார்கள். உங்கள் கடல் கடலாக இருக்காது.

அடுத்தது ஈரக் கை. இதை எந்த கேம் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் உங்கள் அம்மா ஆடவேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். தொடுதிரை வேலை செய்வது விரல் மின்னூட்டத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால். உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தும். திரையில் ஒரு சொட்டு நின்றால் அதையும் விரல் என்று போன் நினைத்துக்கொள்ளும். தொடாத இடத்தில் தொட்டதாகக் காட்டும், தொட்ட இடத்தில் ஒன்றும் நடக்காது. பாலிதீன் கவருக்குள் போட்டு மேலே தொடுகிறவர்களுக்கும் குறி கொஞ்சம் தப்பும். இந்தக் கரையில் முக்கால்வாசிப் பேரின் போன் இந்த நிலையில்தான் பாதி நாள் இருக்கிறது.

இதற்குச் செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. முதல் தொடுதலில் கட்டளை தேர்வாகட்டும், அது என்ன செய்யும் என்று ஒரு வரி காட்டட்டும். உறுதிசெய்கிற பட்டன் வேறொரு இடத்தில், கட்டைவிரல் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். அதே இடத்தில் இரண்டு முறை தட்டுவது என்று வைத்தால் சொட்டுத் தண்ணீரே இரண்டு முறை தட்டிவிடும். இழுப்பது, நீளமாக அழுத்திப் பிடிப்பது இதெல்லாம் கூடுதல் வசதியாக இருக்கலாம், அதை விட்டால் வேறு வழியில்லை என்று ஆகக் கூடாது. பட்டன் ஒவ்வொன்றும் குறைந்தது 9 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலில் 48 டிபி (திரையில் அளவு சொல்கிற அலகு) என்று சொல்வது ஏறக்குறைய இந்த அளவுதான். உங்கள் கேமுக்கு நான் இன்னும் பெரிதாகவே வைப்பேன். இதெல்லாம் டர்ன் பேஸ்டு கேமில்தான் முடியும் என்பதையும் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற கேமில் உறுதிசெய்யச் சொல்லிக் கேட்க முடியுமா?

தொண்டித் தம்பிக்கு: கதை மறந்துபோகும் என்று நீங்கள் சொன்னது நியாயமான கவலை. அதற்குத் திறந்தவுடன் இரண்டு வரி காட்டினால் போதும். 'முயல் தீவில் நிற்கிறீர்கள். பெரியவருக்குக் காது வலி, குளிக்க முடியாது. தண்ணீர் இரண்டு குடம் இருக்கிறது.' இவ்வளவு படித்தால் ஆள் கதைக்குள் வந்துவிடுவார். ஆட்டோ பட்டனுக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன். அதை அழுத்தவைப்பது போன் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மாதிரியான சண்டை நூறு வைத்தால் யாராக இருந்தாலும் அழுத்துவார்கள். பழைய கேம்களில் நாலு அடி நடந்தால் ஒரு சண்டை வரும், அது வீட்டில் டிவி முன்னால் மணிக்கணக்கில் உட்காருகிறவர்களுக்காக வைத்தது. போனில் சண்டை குறைவாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடத்தில் முடியட்டும், ஒவ்வொன்றிலும் யோசிக்க ஏதாவது ஒன்று இருக்கட்டும். அப்படிச் செய்தால் ஆட்டோவே வேண்டாம்.

நிற்கவைப்பதா படுக்கவைப்பதா என்றால், நிற்கவையுங்கள். பிளேஸ்டேஷன் 2-க்காகச் செய்த டிராகன் குவெஸ்ட் 8-ஐ மொபைலுக்குக் கொண்டுவந்தபோது நிமிர்ந்த திரைக்கே மாற்றினார்கள், ஒரு கையால் ஆட முடிகிற மாதிரி. மேலே கடல், கீழ்ப்பாதியில் நான்கு பேரும் அவர்கள் கட்டளைகளும். இன்னொரு கை பஸ் கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும். படம் வரைகிற தங்கச்சியிடம் சொல்லுங்கள், நிமிர்ந்த திரையில் வானத்துக்கு நிறைய இடம் கிடைக்கும். மேகத்தைப் பார்த்துக் காற்றைக் கணிக்கிற கேமுக்கு அது வேண்டியதுதானே.

சுக்கான் (ராமேசுவரம்)

அண்ணன் சொன்னதற்கு மேல் படகிலிருந்து இரண்டு விஷயம்.

நான் விசைப்படகில் போகிறவன். காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. வலையை இறக்கி இழுக்கத் தொடங்கினால் தூக்குகிற வரைக்கும் வீல் பிடிக்கிறவரைத் தவிர மற்றவர்களுக்கு நேரம் கிடைக்கும். வீல் பிடிக்கிறவர் போனைத் தொடவே கூடாது, அதில் எங்கள் படகில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. மற்றவர்கள் படுப்பார்கள், பேசுவார்கள், போன் பார்ப்பார்கள். கொஞ்ச தூரம் போனதுமே டவர் போய்விடும். அப்புறம் நெட் கேட்கிற எந்த கேமும் திறக்காது. உள்ளேயே நுழைய முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால் நான் வைத்திருப்பது ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன். ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் இல்லை, நெட் வேண்டாம், சின்ன கேம். திரையை நிமிர்த்திப் பிடித்து ஒரு விரலால் ஆடலாம். நாம் ஓர் அடி வைத்தால் எதிரியும் ஓர் அடி வைக்கும். "வலை தூக்கணும், வாங்கடா" என்று சத்தம் வந்தால் போனை அப்படியே பைக்குள் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் அந்த நண்டு அதே இடத்தில் எனக்காக நிற்கும். (அதில் நிஜமாகவே நண்டு வரும்.) அதன் மூலநிரல் பொதுவில் இருக்கிறது, நீங்களே திறந்து படித்துப் பார்க்கலாம்.

சார்ஜ் விஷயம் முக்கியம். படகில் பேட்டரியிலிருந்து சார்ஜ் போடலாம், ஆனால் ஆள் அதிகம், பிளக் குறைவு. போனைச் சூடாக்குகிற கேமை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ராத்திரி ஆடுவதற்குத் திரை மங்கலாகவும் பகலில் வெயிலில் ஆடுவதற்குத் தெளிவாகவும் இருக்கவேண்டும், இரண்டு தோற்றம் வையுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்தில் கரையில்தான் இருப்போம். அதற்குள் கேம் தயாரானால் ஆடிப் பார்க்க இங்கே நிறையப் பேர் கிடைப்பார்கள்.

உங்கள் கேமில் பையன் சுக்கான் பிடிக்கிறான் என்றதும் சந்தோஷமாக இருந்தது. ஒரு வேண்டுகோள்: கடலை எதிரி மாதிரி வைக்காதீர்கள். காற்று சில நேரம் உதவியும் செய்யட்டும்.

தொண்டிக்காரன்

பேட்டரியைப் பற்றி அவர் சொன்னதற்கு: கோடோவில் லோ புராசசர் மோடு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. திரையில் ஏதாவது மாறினால் மட்டும் திரும்ப வரையும். நீங்கள் யோசித்துக்கொண்டு இருக்கும்போது போன் சும்மா இருக்கும். அலை அசைந்துகொண்டே இருக்கவேண்டும் என்று வரைந்தால் அந்த லாபம் போய்விடும், அதனால் யோசிக்கிற நேரத்தில் அசைவைக் குறைத்துவிடுங்கள். இரண்டு நண்பர்கள் சொன்னதைப் படித்தபிறகு போனுக்கே செய்யலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கதையை அத்தியாயங்களாகப் பிரித்துவிடுங்கள், ஒரு தீவுக்கு ஒன்று. நாற்பது மணி நேரம் போனில் யாரும் தொடர்ந்து வர மாட்டார்கள் என்ற என் கருத்து மாறவில்லை.

பாசிக்கரை (வேதாளை)

அண்ணா, சுக்கான் அண்ணா, தொண்டி அண்ணா, மூவருக்கும் ரொம்ப நன்றி. தோழிகளுக்குப் படித்துக்காட்டினேன். வானத்துக்கு இடம் கிடைக்கும் என்றதும் வரைகிறவள் நிமிர்ந்த திரையில் புதிதாக ஒன்று வரைய ஆரம்பித்துவிட்டாள். காற்று உதவுவதையும் சேர்க்கப்போகிறோம். கொண்டல் காற்று வந்தால் வல்லம் ஒரு கட்டம் கூடுதலாகப் போகிற மாதிரி.

அம்மாவிடம் ஒரு மாதிரித் திரையைக் காட்டினேன். பாசி எடுக்கிற அக்காவுக்குக் கட்டளை 'குளி', 'பாசி பறி', 'ஓய்வு' என்று வைத்திருந்தோம். அவர் பார்த்துவிட்டு, விரலில் துணி சுற்றாமல் யாராவது பாறையில் பாசி பறிப்பார்களா, கை கிழிந்துவிடாதா என்று கேட்டார். இப்போது துணி சுற்றுவது ஒரு முறை எடுத்துக்கொள்கிற கட்டளை. சுற்றாமல் பறித்தால் வேகம், ஆனால் உடல்பலம் குறையும்.

இரண்டு சந்தேகம் மிச்சம். தமிழ் எழுத்து சில இடத்தில் உடைகிறது, 'கொ' என்பதில் கொம்பு தள்ளி நிற்கிறது. அப்புறம் காசு விஷயம். விளம்பரம் போடலாம் என்கிறாள் ஒருத்தி, விலை வைக்கலாம் என்கிறேன் நான்.

பாம்பன் செல்போன் கடை

துணி சுற்றுவதைக் கட்டளையாக வைத்தது ரொம்பச் சரி. இப்போதே பலன் வேண்டுமா, ஒரு முறையை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பு வேண்டுமா என்று அதில் யோசிக்க இருக்கிறது. இந்த வகை கேமின் உயிரே அங்கேதான். சங்கு குளிக்கிறவருக்கு மூச்சு, வலைக்காரருக்கு வலையின் கிழிசல் என்று மற்ற மூவருக்கும் இதே மாதிரி ஒவ்வொன்று தேடுங்கள். அம்மாவிடமே கேளுங்கள், நாம் யாரும் அவர் அளவுக்குச் சொல்ல முடியாது.

எழுத்து உடைவதற்குக் காரணம், நீங்கள் கோடோ 3 வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'கொ' என்பதில் 'க'தான் முதலில் சேமிக்கப்படுகிறது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் வருகின்றன. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கவேண்டும். அந்த வேலையைச் செய்கிற பகுதி பழைய பதிப்பில் இல்லை. 2023-இல் வந்த 4-ஆம் பதிப்பில் இருக்கிறது. அதற்கு மாறி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்துப் பாருங்கள். பாதி வேலை முடிந்தபிறகு மாறுவது கஷ்டம், அதனால் இந்த வாரமே செய்துவிடுங்கள். இன்னொன்று, தமிழில் சொற்கள் நீளம். நிமிர்ந்த திரையில் பட்டனுக்குள் 'உறுதிப்படுத்து' என்று எழுதினால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டிவரும். 'சரி' போதும். 'பின்வாங்கு' என்பதற்கு 'விடு' போதும். ஆட்களிடம் சொல்கிற மாதிரியே எழுதுங்கள், இடமும் மிஞ்சும்.

விளம்பரம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. யோசித்துக்கொண்டிருக்கும்போது முப்பது நொடி விளம்பரம் ஓடினால் என்ன யோசித்தோம் என்பதே போய்விடும். கடலுக்குள் நெட்டும் இல்லை, அங்கே விளம்பரமும் வராது, காசும் வராது. முதல் மூன்று தீவுகளை இலவசமாகக் கொடுங்கள், மிச்சத்துக்கு ஒருதரம் விலை வையுங்கள், யூபிஐ-யில் கட்டுகிற அளவுக்குச் சின்ன விலை. வாங்கியதைப் போன் ஒருமுறை பதிந்துகொண்டால் போதும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நெட்டில் போய்ச் சரிபார்க்கிற மாதிரி வைக்காதீர்கள். தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம் என்கிற முறையையும் தொடாதீர்கள். கடலுக்குப் போனவர் மூன்று நாள் திறக்காவிட்டால் அவரைத் தண்டிப்பது அநியாயம்.

ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் நிறுவுகிற கோப்பு) தயாரானதும் இங்கேயே போடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. கடையில் 2 ஜிபி ரேம் உள்ள பழைய போன் ஒன்று, திரையின் ஓரம் கீறல் விழுந்தது, சோதனைக்கென்றே வைத்திருக்கிறேன். முதலில் அதில் ஏற்றி, சண்டையின் நடுவில் அழைப்பு கொடுத்து, கேமராவையும் வாட்ஸ்அப்பையும் திறந்து, பேட்டரியைக் கழற்றி மாட்டி, திரையில் உப்புத் தண்ணீர் தெளித்து, எந்தெந்த இடத்தில் உடைகிறது என்று எழுதி அனுப்புகிறேன். சுக்கான் தம்பி கரைக்கு வரும்போது கடைக்கு வந்தால் அவர் போனிலும் ஏற்றிவிடலாம்.